ஹோட்டல் கிரெடிட் கார்டின் வரவேற்பு போனஸ்: முதலில் அறை, பிறகு கார்டு

"1,40,000 புள்ளிகள்" என்று கொட்டை எழுத்தில் வரும் விளம்பரத்தைப் பார்த்த கையோடு விண்ணப்பப் படிவத்தை நிரப்பிவிடும் நண்பர்கள் எனக்குப் பலர் உண்டு. ஓராண்டு கழித்து விசாரித்தால், புள்ளிகள் தொடப்படாமல் கணக்கில் கிடக்கும். அல்லது எங்கோ ஒரு விமான நிலையத்தை ஒட்டிய அறையில் ஓர் இரவுக்காகக் கரைந்திருக்கும். எனக்கு அது மனதை உறுத்துகிறது. அமெரிக்காவில் ஹோட்டல் நிறுவனங்களின் பெயரில் வங்கிகள் தரும் கிரெடிட் கார்டுகளின் வரவேற்பு போனஸ் (புதிதாகக் கார்டு எடுத்துக் குறித்த தொகையைச் செலவிட்டால் கிடைப்பது, பெரும்பாலும் அறைக்குப் பணத்துக்குப் பதிலாகக் கொடுக்கக்கூடிய புள்ளிகள்), ஒரு குடும்பத்தின் கோடைப் பயணத்தில் தங்கும் செலவையே இல்லாமல் செய்துவிடக் கூடியது. அதே சமயம், பல கார்டுகளில் அது வாழ்நாளில் ஒரு முறைதான் கிடைக்கும். தவறான நேரத்தில் தவறான கார்டை எடுத்தால் இழப்பு நம்முடையது.

இந்த வழிகாட்டி அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியது. இங்குள்ள வங்கி விதிகளும் கார்டுகளும் மட்டுமே இதில் வருகின்றன. போனஸ் அளவும் ஆண்டுக் கட்டணமும் அடிக்கடி மாறுபவை. விண்ணப்பிக்கும் நாளில் வங்கியின் பக்கத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது வைத்திருக்கும் கார்டில் மாதாமாதம் பாக்கி நிற்கிறதென்றால், இந்தப் பக்கமே வர வேண்டாம். இந்தக் கார்டுகளின் ஆண்டு வட்டி பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் மேல். 3,000 டாலர் பாக்கி ஓராண்டு நின்றால் வட்டி மட்டுமே 600 டாலரைத் தாண்டும். வரவேற்பு போனஸின் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும்.

முதல் படி: எந்த அறை?

கார்டைப் பற்றி யோசிக்கும் முன் ஒரு தாளை எடுத்து, அடுத்த பன்னிரண்டு மாதங்களில் நீங்கள் உறுதியாகப் போகப்போகும் இடங்களை எழுதுங்கள். கனவுப் பட்டியல் வேண்டாம். ஊரிலிருந்து அம்மா அப்பா வருகிறார்களா? அவர்களை நயாகராவுக்கும் வாஷிங்டனுக்கும் அழைத்துப் போவீர்களா? பிள்ளைகளின் வசந்த விடுமுறைக்கு ஆர்லாண்டோவா? எத்தனை இரவு, எத்தனை பேர்?

"எத்தனை பேர்" என்பதுதான் நம் குடும்பங்களில் கணக்கைப் புரட்டிப் போடும் கேள்வி. நீங்கள் இருவர், குழந்தைகள் இருவர், தாத்தா பாட்டி இருவர் என்றால் ஓர் அறை போதாது. மூன்று இரவுப் பயணம் என்பது உண்மையில் ஆறு அறை-இரவுகள். விளம்பரத்தில் "ஐந்து இலவச இரவுகள்" என்று பார்த்து மகிழ்ந்தவர்கள் இங்கேதான் திகைத்து நிற்பார்கள்.

அடுத்து, எப்படிப்பட்ட அறை என்று பாருங்கள். சைவ உணவுக்காரரான என் மாமியார் வந்திருந்தபோது, கடற்கரையைப் பார்த்த ஐந்து நட்சத்திர அறையைவிட, அடுப்பும் பாத்திரமும் உள்ள சாதாரண அறைதான் அவருக்கு நிம்மதி தந்தது. ஒரு குக்கரும் கொஞ்சம் அரிசியும் காரில் இருந்தால் தயிர்சாதம் ஆகிவிடும். ஹில்டனில் ஹோம்வுட் சூட்ஸ், மாரியட்டில் ரெசிடென்ஸ் இன், ஹாலிடே இன் ஹோட்டல்களின் ஐஎச்ஜி குழுமத்தில் ஸ்டேபிரிட்ஜ் சூட்ஸ், ஹையட்டில் ஹையட் ஹவுஸ் ஆகியவை சமையலறையோடு கூடிய இந்த வகை. நீங்கள் போகும் ஊரில் இவற்றில் எது இருக்கிறது என்று வரைபடத்தில் தேடினாலே, நான்கு குழுமங்களில் இரண்டு தாமாகவே விலகிவிடும். ஹையட் மற்றவற்றைவிடச் சிறிய குழுமம். பெருநகரங்களில் கிடைக்கும், தேசியப் பூங்காக்களை ஒட்டிய சிற்றூர்களில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

நயாகராவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தேடலில் "நயாகரா ஃபால்ஸ்" என்று வரும் ஹோட்டல்களில் பல கனடா பக்கம், ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ளவை. அருவியின் முழு முகமும் அங்கிருந்துதான் தெரியும் என்பது உண்மை. ஆனால் இந்தியக் கடவுச்சீட்டோடும் அமெரிக்கச் சுற்றுலா விசாவோடும் வந்திருக்கும் பெற்றோருக்குக் கனடா விசா தனியாக வேண்டும். முகவரியில் நியூயார்க் என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகு புள்ளிகளைச் செலவிடுங்கள்.

இரண்டாம் படி: அந்த அறைக்கு எத்தனை புள்ளி?

கார்டு இல்லாமலேயே ஹோட்டல் குழுமங்களின் உறுப்பினர் கணக்கை இலவசமாகத் தொடங்கலாம். நான்கிலும் ஒவ்வொன்று தொடங்கிவிடுங்கள். பிறகு உங்கள் பயணத் தேதியைக் கொடுத்து, "புள்ளிகளைப் பயன்படுத்து" என்ற தெரிவோடு தேடுங்கள். டாலர் விலையும் புள்ளி விலையும் தெரியவரும். இரண்டையும் தாளில் எழுதுங்கள். டாலர் விலையை வரியோடு சேர்த்து எழுத வேண்டும், ஏனென்றால் புள்ளிகளில் தங்கும்போது அறை வரியும் பொதுவாக இருக்காது.

குழுமத்துக்குக் குழுமம் புள்ளியின் எடை வேறு. ஹையட் தன் ஹோட்டல்களை வகை பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் எத்தனை புள்ளி என்று பட்டியலே வெளியிடுகிறது. ஹில்டன் 2017-லும் மாரியட் 2022-லும் அப்படிப்பட்ட பட்டியலைக் கைவிட்டுவிட்டன. கூட்டம் கூடினால் புள்ளி விலையும் கூடும். ஹையட்டில் 12,000 புள்ளிக்குக் கிடைக்கும் தரத்து அறைக்கு ஹில்டனிலோ ஐஎச்ஜியிலோ அதைப்போல மூன்று நான்கு மடங்கு கேட்பது சாதாரணம். 60,000 என்ற எண்ணை 1,30,000 என்ற எண்ணோடு நேருக்கு நேர் ஒப்பிடுவது, படியால் அளந்ததை மரக்காலால் அளந்ததோடு ஒப்பிடுவது போல.

நீண்ட தங்கலுக்குச் சில சலுகைகள் உண்டு, இவை கணக்கை மாற்றும். மாரியட்டில் தொடர்ந்து ஐந்து இரவுகளைப் புள்ளிகளில் எடுத்தால் நான்குக்கு மட்டும் கொடுத்தால் போதும். ஹில்டனிலும் ஐந்தாம் இரவு இலவசம், ஆனால் சில்வர் அல்லது அதற்கு மேற்பட்ட உறுப்பினர் தகுதி வேண்டும். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் (அமெக்ஸ்) தரும் கட்டணமில்லாத ஹில்டன் கார்டே சில்வர் தகுதியைத் தந்துவிடுகிறது. ஐஎச்ஜி பிரீமியர் கார்டு வைத்திருந்தால் நான்காம் இரவு இலவசம். ஹையட்டில் இப்படி எதுவும் கிடையாது.

ரிசார்ட் கட்டணம் என்ற பெயரில் சில ஹோட்டல்கள் நாளொன்றுக்கு முப்பது, நாற்பது டாலர் தனியாக வாங்கும். ஹவாய், லாஸ் வேகஸ், ஆர்லாண்டோ போகிறவர்களுக்கு இது பெரிய தொகை. முழுக்கப் புள்ளிகளில் தங்கினால் ஹையட்டும் ஹில்டனும் இதைத் தள்ளுபடி செய்கின்றன. மாரியட்டில் செலுத்தியாக வேண்டும்.

மூன்றாம் படி: போனஸை டாலராக்குங்கள்

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் போகும் ஊரில் ஹையட் அறை ஒன்று வரியோடு 185 டாலர், அல்லது 12,000 புள்ளி. அதே தெருவில் ஹில்டன் அறை வரியோடு 195 டாலர், அல்லது 50,000 புள்ளி. ஹையட் கார்டின் போனஸ் 60,000 என்றும், ஹில்டன் சர்பாஸ் கார்டின் போனஸ் 1,30,000 என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் 3,000 டாலர் செலவிட வேண்டும்.

ஹையட்டில் 60,000 புள்ளி ஐந்து இரவு தரும். மதிப்பு 925 டாலர். ஆண்டுக் கட்டணம் 95-ஐக் கழியுங்கள். இன்னொன்றையும் கழிக்க வேண்டும், பலர் மறப்பது இது: அந்த 3,000 டாலரை 2 சதவீதப் பணம் திருப்பித் தரும் சாதாரணக் கார்டில் செலவிட்டிருந்தால் 60 டாலர் கையில் வந்திருக்கும். மிச்சம் 770 டாலர்.

ஹில்டனில் 1,30,000 புள்ளி இரண்டு இரவு தந்து 30,000 மீதம் வைக்கும். இரண்டு இரவின் மதிப்பு 390, மீதப் புள்ளிகளை அதே விகிதத்தில் மதித்தால் ஏறக்குறைய 117, கூட்டினால் 507. சர்பாஸின் ஆண்டுக் கட்டணம் 150-ஐயும், அந்த 60-ஐயும் கழித்தால் மிச்சம் 297 டாலர். விளம்பரத்தில் இருமடங்குக்கு மேல் பெரிய எண், கையில் வருவதோ பாதிக்கும் குறைவு.

நீங்கள் போகும் ஊரில் ஹையட்டே இல்லை என்றால், இதே கணக்கில் ஹையட்டின் மதிப்பு பூஜ்யம். ஆகவே ஹையட் எப்போதும் சிறந்தது என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் தாளில் உள்ள அறைகளை வைத்து நீங்களே போடும் கணக்குதான் செல்லும். ஒரு நிபந்தனை: அந்த அறைக்கு நீங்கள் சொந்தப் பணம் கொடுத்துத் தங்கியிருப்பீர்களா என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். 600 டாலர் சொகுசு அறைக்குப் புள்ளிகளைக் கொடுத்துவிட்டு 600 டாலர் மிச்சம் என்று எழுதாதீர்கள். வழக்கமாக 180 டாலர் அறையில் தங்குபவர் என்றால், உங்களுக்கு மிச்சம் 180 தான்.

போனஸ் சில சமயம் புள்ளிகளாக இல்லாமல் இலவச இரவுச் சான்றுகளாக வரும். எனக்குப் புள்ளிகளே பிடிக்கும். சான்று ஒவ்வொன்றுக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு; ஹோட்டல் விலை அதைத் தாண்டினால் பயன்படாது, அல்லது வித்தியாசத்துக்குச் சொந்தப் புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். விலை குறைந்த ஹோட்டலில் பயன்படுத்தினால் மீதி திரும்பி வராது. பெரும்பாலும் ஓராண்டில் காலாவதியாகும். ஐந்தாம் இரவு இலவசம் போன்ற சலுகைகளும் சான்றுகளுக்குக் கிடையாது. பள்ளி விடுமுறை நாட்களில் மட்டுமே பயணம் செய்யக்கூடிய குடும்பங்கள் சான்றுகளை அதன் முகப்பு மதிப்பில் ஒருபோதும் கணக்கிட வேண்டாம்.

நான்காம் படி: உங்களுக்குக் கிடைக்குமா?

ஹையட்டின் தனிநபர் கார்டையும் ஐஎச்ஜி கார்டுகளையும் சேஸ் வங்கி தருகிறது. ஹில்டன் கார்டுகள் அமெரிக்கன் எக்ஸ்பிரஸுடையவை. மாரியட் கார்டுகளை இரு வங்கிகளுமே தருகின்றன. எனவே இரண்டு வங்கிகளின் குணத்தை அறிந்துகொண்டால் போதும்.

சேஸ் வங்கியின் குணம் 5/24 என்ற பெயரில் பிரபலம். கடந்த 24 மாதங்களில், எந்த வங்கியிலிருந்தாக இருந்தாலும், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தனிநபர் கார்டுகள் உங்கள் கடன் அறிக்கையில் (கிரெடிட் ரிப்போர்ட்) புதிதாக ஏறியிருந்தால் சேஸ் பொதுவாக மறுத்துவிடும். விளம்பரத்தில் இந்த விதி எழுதப்பட்டிருக்காது. கணவரின் கார்டில் மனைவியைக் கூடுதல் பயனராகச் சேர்த்தாலும் மனைவியின் அறிக்கையில் அது ஒன்றாக எண்ணப்படும். கடைகளில் கல்லாவில் நிற்கும்போது "இன்று 20 சதவீதம் தள்ளுபடி" என்று நீட்டும் கார்டுகளும் எண்ணிக்கையில் சேரலாம். அதனால் எனது பரிந்துரை, சேஸ் கார்டுகளை முதலில் எடுங்கள், அமெக்ஸை அடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அமெக்ஸின் குணம் வேறு. ஒரு கார்டை முன்பு வைத்திருந்தவருக்கு அதே கார்டின் வரவேற்பு போனஸ் கிடையாது என்பது அதன் பொதுவான நிபந்தனை. வாழ்நாளில் ஒரு முறை என்பதால், போனஸ் உயர்ந்திருக்கும் சமயம் பார்த்து எடுப்பது முக்கியம். உங்களுக்கு போனஸ் கிடையாது என்று அமெக்ஸ் முடிவு செய்திருந்தால், விண்ணப்பத்தின் இறுதியில் ஓர் அறிவிப்பு தோன்றும். அந்த இடத்தில் திரும்பிவிட்டால், புதிய கார்டுக்காக வங்கி உங்கள் கடன் அறிக்கையைப் பார்த்தது என்ற விசாரணைக் குறிப்பு அதில் பதியாது. மாரியட் கார்டுகளுக்கு இரு வங்கிகளையும் குறுக்காகக் கட்டும் நிபந்தனைகள் உண்டு. ஒரு வங்கியின் மாரியட் கார்டு உங்களிடம் இருந்தால், மற்றதற்கு விண்ணப்பிக்கும் முன் நிபந்தனைப் பக்கத்தை வரி விடாமல் படியுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு: கடன் வரலாறே இல்லாமல் ஹோட்டல் கார்டுக்கு விண்ணப்பிப்பது விரயம். ஆண்டுக் கட்டணமில்லாத சாதாரணக் கார்டு ஒன்றை எடுத்து ஓராண்டு ஒழுங்காகக் கட்டி வாருங்கள். இந்தியாவில் அமெக்ஸ் கார்டு வைத்திருந்தவர்கள், அந்த உறவைக் காட்டி இங்கே அமெக்ஸ் கார்டு கேட்க வழி உண்டு.

எச்-4 விசாவில், சம்பளம் இல்லாமல் இருக்கும் வாழ்க்கைத் துணை தனக்குக் கார்டு கிடைக்காது என்றே நினைத்துக்கொண்டிருப்பார். 2013-இல் அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு விதியை மாற்றியது. 21 வயது நிரம்பியவர், தான் நியாயமாகப் பயன்படுத்தக்கூடிய குடும்ப வருமானத்தை விண்ணப்பத்தில் குறிப்பிடலாம். சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவர்களுக்கு வரி அடையாள எண்ணை ஏற்கும் வங்கிகளும் உண்டு. குடும்பத்தில் இருவர் தனித்தனியாகக் கார்டு எடுப்பது போனஸுக்காக மட்டுமல்ல; துணைக்குச் சொந்தமாகக் கடன் வரலாறு உருவாவது அதைவிடப் பெரிய பயன் என்று நான் நினைக்கிறேன். ஒருவர் மற்றவரைப் பரிந்துரைத்தால் பரிந்துரைத்தவருக்கும் புள்ளிகள் கிடைக்கும்.

தொழில்முறைக் கார்டுகளின் போனஸ் பெரியது, 5/24 கணக்கிலும் பெரும்பாலும் ஏறாது என்று யாராவது ஆசை காட்டுவார்கள். எச்-1பி விசாவில் இருப்பவர் இல்லாத தொழிலை இருப்பதாக விண்ணப்பத்தில் எழுதக் கூடாது. வங்கியிடம் பொய், குடியேற்ற நிலைக்கும் ஆபத்து. அந்தக் கதவை மூடியே வையுங்கள்.

வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்களா? கடன் கையெழுத்தாகும் வரை எந்தப் புதிய கார்டும் வேண்டாம்.

ஐந்தாம் படி: செலவு வரம்பை எப்படி எட்டுவது?

போனஸ் வர, குறித்த காலத்துக்குள் குறித்த தொகையைச் செலவிட வேண்டும். சேஸில் பெரும்பாலும் மூன்று மாதம், அமெக்ஸ் ஹில்டன் கார்டுகளில் பெரும்பாலும் ஆறு மாதம். கடிகாரம் கார்டு வீட்டுக்கு வந்த நாளில் தொடங்குவதில்லை. விண்ணப்பம் ஏற்கப்பட்ட நாளிலேயே தொடங்கிவிடுகிறது. இறுதி நாளைக் கைபேசி நாட்காட்டியில் குறித்து, அதற்கு இரண்டு வாரம் முன்பே முடிக்கத் திட்டமிடுங்கள்.

இதில் நான் பட்ட அடியைச் சொல்கிறேன். என் இரண்டாவது கார்டுக்கு 3,000 டாலர் வரம்பு. அறிக்கையில் 3,060 என்று பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். அதில் 95 டாலர் ஆண்டுக் கட்டணம். கட்டணம் செலவாக எண்ணப்படாது. உண்மையான செலவு 2,965 மட்டுமே. முப்பத்தைந்து டாலர் குறைந்ததற்காக மொத்த போனஸும் போனது. வங்கியிடம் மூன்று முறை பேசியும் பயனில்லை. அன்றிலிருந்து வரம்புக்கு மேல் குறைந்தது 200 டாலர் கூடுதலாகச் செலவிட்ட பிறகே நிம்மதி கொள்கிறேன், ஏனென்றால் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்தாலும் அந்தத் தொகை கழிந்துவிடும்.

ஊருக்குப் பணம் அனுப்பும் செயலிகள் சில கிரெடிட் கார்டை ஏற்கும். அதில் அனுப்பாதீர்கள். வங்கி அதை ரொக்கம் எடுத்ததாகக் கருதினால் அன்றைய தினமே வட்டி ஓடத் தொடங்கும், தனிக் கட்டணமும் விழும், போனஸுக்கும் எண்ணப்படாது. பரிசு அட்டைகளையும் செலவாக ஏற்பதில்லை என்று அமெக்ஸ் தன் நிபந்தனையிலேயே சொல்கிறது.

செய்யக்கூடியது, பெரிய செலவு வரும் மாதத்தோடு கார்டைப் பொருத்துவது. ஆறு மாதக் கார் காப்பீடு, குழந்தையின் காப்பகக் கட்டணம், சென்னைக்கு விமான டிக்கெட். நால்வர் குடும்பம் டிசம்பரில் ஊருக்குப் போகும் டிக்கெட் ஒன்றே வரம்பைத் தாண்டிவிடும். சொத்து வரியையும் வாடகையையும் கார்டில் கட்டலாம், ஆனால் 2 முதல் 3 சதவீதக் கட்டணம் கேட்பார்கள். கடைசியில் சில நூறு டாலர் குறையும்போது மட்டும் அது தகும்.

ஆறாம் படி: விண்ணப்பம்

விண்ணப்பிக்கும் முன் மூன்று இடங்களில் போனஸைப் பாருங்கள்: வங்கியின் தளம், ஹோட்டலின் தளத்தில் உள்நுழைந்த நிலையில், பிறகு உலாவியின் தனிச் (இன்காக்னிட்டோ) சாளரத்தில் உள்நுழையாமல். ஒரே கார்டுக்கு ஒரே நாளில் வெவ்வேறு போனஸ் தோன்றுவதுண்டு. பெரியதைத் திரைப்பிடி எடுத்து, தேதியோடு சேமியுங்கள். பிறகு வழக்கு வந்தால் உங்களிடம் உள்ள ஒரே சாட்சி அதுதான். உறுப்பினர் எண்ணைச் சரியாகக் கொடுங்கள்; இல்லையென்றால் வங்கி புதிதாக ஒரு கணக்கைத் திறந்து அதில் புள்ளிகளைப் போட்டுவிடும்.

ஏழாம் படி: புள்ளிகள் வந்ததும்

உடனே பதிவு செய்யுங்கள். புள்ளிகளில் எடுக்கும் அறைகளைப் பெரும்பாலும் ஓரிரு நாள் முன்பு வரை இழப்பின்றி ரத்து செய்யலாம், எனவே காத்திருப்பதால் லாபமில்லை. புள்ளி விலைகள் ஏறும் வரலாறுதான் அதிகம். இறங்கி நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன். கணவன் மனைவி இருவரிடமும் பாதிப் பாதியாகப் புள்ளிகள் இருந்தால் ஹையட்டிலும் ஹில்டனிலும் கட்டணமின்றி ஒன்றாக்கலாம்.

எட்டாம் படி: இரண்டாம் ஆண்டு

போனஸ் கிடைத்ததும் கார்டை மூட வேண்டாம். முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் மூடினால் போனஸைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமையை அமெக்ஸ் தன் நிபந்தனையில் வைத்திருக்கிறது. இரண்டாம் ஆண்டுக் கட்டணம் அறிக்கையில் ஏறியதும் முடிவெடுங்கள். ஏறிய முப்பது நாளுக்குள் மூடினால் கட்டணம் பொதுவாகத் திரும்பக் கிடைக்கும்.

ஹையட் கார்டு ஆண்டுதோறும் நான்காம் வகை வரையிலான ஹோட்டலில் ஓர் இரவு தருகிறது. ஐஎச்ஜி பிரீமியர் 40,000 புள்ளி வரையிலான ஓர் இரவு தருகிறது, அதற்கு மேல் போனால் சொந்தப் புள்ளிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஓர் இரவாவது உறுதியாகத் தங்குபவர்கள் இவற்றை வைத்துக்கொள்ளலாம். ஹில்டன் சர்பாஸின் இலவச இரவு ஓர் ஆண்டில் 15,000 டாலர் செலவிட்டவர்களுக்கு மட்டுமே. அவ்வளவு செலவில்லாதவர்கள் அமெக்ஸை அழைத்து, கட்டணமில்லாத ஹில்டன் கார்டாக மாற்றித் தரக் கேளுங்கள்; கணக்கின் வயதும் காப்பாற்றப்படும். ஆனால் அப்படி மாற்றிக்கொண்டால் அந்தக் கட்டணமில்லாக் கார்டின் வரவேற்பு போனஸ் பிற்பாடு உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம்.

மூடுவது என்றே முடிவானாலும் பயமில்லை. ஹோட்டல் கணக்கில் ஏறிவிட்ட புள்ளிகள் கார்டோடு போகாது. ஹையட், ஹில்டன், மாரியட் மூன்றிலும் 24 மாதம் எந்த அசைவும் இல்லாவிட்டால்தான் அவை காலாவதியாகும். ஐஎச்ஜியில் சாதாரண உறுப்பினருக்கு 12 மாதம். மூடும் நாளில் அந்தத் தேதியை நாட்காட்டியில் எழுதிவிட்டு, அதற்குள் ஒரு பயணத்துக்குப் பதிவு செய்துவிடுங்கள்.